சாலைக் கடையில் சரஸ்வதி, மியூசியத்தில் தமயந்தி

திருவனந்தபுரம் போகும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கமான வரிசை உண்டு. விடிந்ததும் பத்மநாபசாமி, வெளியே வந்ததும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், பிள்ளைகளுக்காக மிருகக்காட்சி சாலை, வெயில் தாழ்ந்ததும் கோவளம். மிருகக்காட்சி சாலையைச் சுற்றிக் கால் ஓய்ந்தவர்கள் பக்கத்து மியூசியம் தோட்டத்து மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ராஜா ரவி வர்மாவின் அசல் ஓவியங்கள் இருக்கின்றன. எழுந்து போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. குற்றம் சொல்லவும் முடியாது. பாட்டி காலத்திலிருந்து பூஜையறையில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்க்க எதற்கு டிக்கெட் என்று தோன்றத்தானே செய்யும்.

தம்பானூர் பேருந்து நிலையத்திலிருந்து மியூசியம் போகும் வழியில் நடத்துனர் 'ஸ்டேச்சு, ஸ்டேச்சு' என்று குரல் கொடுப்பார். தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்கும் அந்தச் சிலை யாருடையது என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன். "பண்டத்தெ ஒரு திவானாணு சாரே" என்று சொல்லிவிட்டு அவர் பாளையத்தில் இறங்கிக்கொண்டார். அந்தத் திவான் டி. மாதவ ராவ். கும்பகோணத்தில் பிறந்த மராட்டியர். 1872 வரை திருவிதாங்கூரில் திவான், பிறகு பரோடாவில். ரவி வர்மாவின் கதைக்குள் போக இந்தச் சிலை நல்ல வாசல். 1881-ல் இளம் சாயாஜிராவ் கெய்க்வாட் பட்டத்து அதிகாரம் ஏற்றபோது ரவி வர்மா பரோடாவுக்குப் போனது இவர் அழைப்பின்பேரில். உங்கள் படங்களை எல்லாரும் கேட்கிறார்கள், ஒரு ஜோடிக் கையால் அத்தனை பேருக்கும் வரைந்து முடியாது, தேர்ந்த சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃப் அச்சாக எடுத்துப் பரப்பலாமே என்று 1884-ல் கடிதம் எழுதி யோசனை சொன்னவரும் இவரே. நம் வீட்டுச் சுவர்களில் லட்சுமியும் சரஸ்வதியும் வந்து உட்கார்ந்ததற்கு, ஒரு வகையில், கும்பகோணத்துக்காரரின் நிர்வாக மூளை காரணம்.

மியூசியம் வளாகத்தின் நடுவில் நிற்கும் நேப்பியர் கட்டடம் 1880-ல் முடிந்தது. கட்டியவர் ராபர்ட் சிஷோம், சென்னை சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டிய அதே மனிதர். கேரளக் கோயில்களின் செங்குத்துக் கூரை, கோபுரம் மாதிரி எழும் மாடங்கள், பட்டை பட்டையாக நிறம் மாறும் சுவர், ஐரோப்பியத் தேவாலய ஜன்னல் எல்லாம் ஒரே உடம்பில். முதல் பார்வைக்குக் கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருக்கும். ஆனால் வெயில் நேரத்தில் உள்ளே நுழைந்தால் குளுமை தெரியும்; காற்று ஓடக் கட்டியிருக்கிறார். இந்த சிஷோமும் பின்னால் பரோடா போனார். பாதியில் நின்ற லட்சுமி விலாஸ் அரண்மனையை 1890-ல் முடித்துக்கொடுத்தார். அதே ஆண்டில் ரவி வர்மா அதே கெய்க்வாடுக்காக வரைந்த 14 புராண ஓவியங்களை முடித்தார். திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த ஒரு திவான், ஒரு கட்டடக்காரர், ஓர் ஓவியர் என்று மூவரும் அடுத்தடுத்து ஒரே ஊரில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

ஓவியங்கள் இருப்பது நேப்பியர் கட்டடத்தில் இல்லை. ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸின் முயற்சியில், சித்திரைத் திருநாள் மகாராஜா 1935 செப்டம்பர் 25-ல் திறந்துவைத்த ஸ்ரீ சித்ரா கலைக்கூடம் தனியே ஒரு பக்கம் இருக்கிறது. அதன் சேகரிப்பிலிருந்த ரவி வர்மா ஓவியங்களுக்கென்றே 2023-ல் இதே வளாகத்தில் புதுக் கட்டடம் ஒன்றும் திறந்திருக்கிறார்கள்.

நான் அதிக நேரம் நின்றது 'ஹம்ஸ தமயந்தி'க்கு முன்னால். 1899-ல் வரைந்தது. சிவப்புச் சேலையில் நிற்கும் தமயந்தி, கல் கைப்பிடிச் சுவர்மேல் நிற்கும் அன்னம், பின்னால் தாமரைக் குளம். காலண்டரில், தீப்பெட்டியில், துணிக்கடைப் பையில் இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் புதிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் சேலையின் எடை தெரிய ஆரம்பிக்கும். அச்சில் அது சிவப்பு, அவ்வளவுதான். இங்கே மடிப்புக்குள் போகப் போக அந்தச் சிவப்பு இருண்டு, ஈரமண் நிறத்துக்கு இறங்கி, துணி உடம்பைத் தொடும் இடத்தில் திரும்பவும் வெளிச்சத்துக்கு வருகிறது. இன்னும் கிட்டப் போய்க் கரையைப் பார்த்தால் சரிகையைக் காணோம். மஞ்சளும் பழுப்பும் வெள்ளையுமாகத் தூரிகை தொட்டு எடுத்த தடங்கள் மட்டும் இருக்கின்றன. மூன்றடி பின்னால் வந்தால் அதே தடங்கள் மறுபடி சரிகை ஆகிவிடுகின்றன.

இதில் என்ன பெரிய விஷயம், எண்ணெய் வண்ணம் என்றால் அப்படித்தானே என்று கேட்கலாம். தஞ்சாவூர்ப் படம் செய்யும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய விஷயம். பலகையில் துணி ஒட்டி, சுண்ணமும் பசையும் குழைத்து நகைகளைப் புடைப்பாக எழுப்பி, மேலே தங்க ரேக்கை ஒட்டிக் கல் பதிப்பது தஞ்சாவூர் முறை. அங்கே தங்கம் தங்கமாகவே இருக்கிறது. விளக்கை ஏற்றினால் மின்னும். கிளிமானூர்க் கோயிலகத்துப் பையன் ரவி வர்மா முதலில் கற்றது அந்தத் தஞ்சாவூர் வழியை. கற்றுத்தந்தவர் மாமா ராஜ ராஜ வர்மா. மாமாவுக்குக் கற்றுத்தந்தவர் மதுரையிலிருந்து வந்து சுவாதித் திருநாள் அரசவையில் ஓவியராக இருந்த அழகிரி நாயுடு. நகையை நகையாக ஒட்டும் பரம்பரையில் வளர்ந்த கை, மஞ்சளும் பழுப்பும் வைத்துத் தங்கத்தை உண்டாக்கிவிட்டதே என்பதுதான் அந்தக் கரையின் முன்னால் என்னை நிறுத்தியது. நகை, கரை, நெற்றிச் சுட்டி, ஒட்டியாணம் என்று தஞ்சாவூர் எதைப் பெரிதாக மதித்ததோ அது எதையும் அவர் விடவில்லை. செய்யும் முறையைத்தான் மாற்றினார்.

ரவி வர்மாவைப் பற்றிப் பேசும்போது ஐரோப்பிய யதார்த்த பாணியையும் இந்தியப் புராணத்தையும் இணைத்தவர் என்று ஒரு வாக்கியம் எல்லா இடத்திலும் வரும். ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று யோசித்துச் சேர்த்த மாதிரி. திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் ஒரு காலை நடந்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. கலப்பு அவருக்கு முன்பே ஊரில் நடந்துகொண்டிருந்தது. அவர் அதற்குள் வளர்ந்தார்.

பத்மநாபசாமி கோயிலுக்குப் பக்கத்தில் சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகை. இறவாரத்துக்குக் கீழே மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் வரிசையாகப் பாய்கின்றன. அந்த மகாராஜாவின் அரசவையில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலின் வாசித்தார். மதுரை ஓவியர் படம் வரைந்தார். மலையாளத்தில் கதகளிக்கான ஆட்டக்கதைகள் எழுதப்பட்டன. கிளிமானூர்க் குடும்பத்தில் 'இராவண விஜயம்' ஆட்டக்கதை எழுதிய கவிஞரே அவருடைய நெருங்கிய நண்பர். கோட்டைக்கு வெளியே கரமனை அக்கிரகாரம், கிழக்கே சாலைக் கடைத்தெரு என்று தமிழ் பேசும் ஊர் ஒன்று இந்த ஊருக்குள்ளேயே இருந்தது, இன்றும் இருக்கிறது.

1862-ல் பதினான்கு வயதில் ரவி வர்மாவை மாமா இங்கே கூட்டிவந்து ஆயில்யம் திருநாள் மகாராஜா முன் நிறுத்தினார். பையனுக்குத் தங்க இடமும் அரண்மனைக்குள் நடமாட அனுமதியும் கிடைத்தன. எண்ணெய் வண்ணம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த வித்தை தெரிந்தவர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர். அவரும் மதுரைப் பக்கத்துக்காரர். இளவரசர் மாதிரி வளையவரும் ஒரு பையன் நாளைக்குத் தன் இடத்தைப் பிடிப்பான் என்று அவருக்குப் பட்டிருக்கும், கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து சொல்லிக்கொடுத்ததாக ரவி வர்மாவின் வாழ்க்கைக் கதைகள் எல்லாம் சொல்கின்றன. 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவைப் படம் வரைய வந்தார். அவரும் கற்றுத்தரச் சம்மதிக்கவில்லை. வரையும்போது ஓரமாக நின்று பார்த்துக்கொள்ள விட்டார். மறுத்தவர், ஒளித்துச் சொல்லித் தந்தவர், வேடிக்கை பார்க்க விட்டவர். கல்லூரிப் படிப்பு என்று எதுவும் கிடையாது. லண்டனிலும் பாரிஸிலும் கலைக்கூட மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் பிளாஸ்டர் சிலையைப் பார்த்து வரைந்து பழகிய பாணியை, இந்த மனிதர் அரண்மனைத் தாழ்வாரத்தில் எட்டிப் பார்த்தே பிடித்தார். அவருடைய சில படங்களில் கால்களும் தரையும் சரியாக ஒட்டாமல் நிற்பதை நான் மன்னித்துவிடுவது இதனால்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேரளத்துக்கென்று பெரிய சுவரோவிய மரபு உண்டு. பத்மநாபசாமி கோயிலிலேயே இருக்கிறது. தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்மாடியில் அற்புதமாக இருக்கிறது. நிழல் விழாத உடல்கள், மஞ்சளும் காவியும் பச்சையும், இடைவெளி விடாமல் நெருக்கிய அலங்காரம். இவ்வளவு அருகில் இருந்ததை ரவி வர்மா ஏறக்குறைய தொடவே இல்லை. உள்ளூர் மரபிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது சுவரில் இல்லை, கதகளி மேடையில் இருந்தது. பாடகர் சுலோகத்தைப் பாட, அந்தச் சுலோகம் கண்ணிலும் விரலிலும் திரும்பும் கணத்தை நடிகன் பிடித்து நிறுத்துவான் அல்லவா, அதை அவர் துணியில் நிறுத்தினார்.

அதற்குச் சாட்சி இதே மியூசியத்தில் இருக்கும் சகுந்தலை. காலில் முள் தைத்த பாவனையில் தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைப் பின்னால் மடித்து, தலையைத் திருப்பிப் பார்க்கிறாள். முள் ஒரு சாக்கு. பார்ப்பது துஷ்யந்தனை. அவன் படத்தில் இல்லை. அவன் நிற்க வேண்டிய இடத்தில் டிக்கெட் வாங்கி வந்த நாம் நின்றுகொண்டிருக்கிறோம். கூட்டத்தில் ஒருவன் சகுந்தலை தன்னையே பார்ப்பதாக நினைத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார் என்றால், நாடகக் கொட்டகையின் முதல் வரிசை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சகுந்தலை அந்தக் குடும்பத்துக்கே பழக்கமானவள். ரவி வர்மா சகுந்தலை கடிதம் எழுதும் காட்சியை வரைந்து சென்னைக் கண்காட்சிக்கு அனுப்பியது 1876. அதைச் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் வாங்கினார். சமஸ்கிருத அறிஞர் மோனியர் வில்லியம்ஸ் தன் ஆங்கில சாகுந்தலத்துக்கு முகப்புப் படமாகவும் போட்டுக்கொண்டார். ரவி வர்மாவின் மனைவியுடைய அக்காள் கணவர் கேரள வர்மா வலிய கோயித்தம்புரான். காளிதாசனின் அதே நாடகத்தை அவர் மலையாளத்தில் ஆக்கி 1882-ல் வெளியிட்டார். ஒரு சகலை எழுத்தில், ஒரு சகலை வண்ணத்தில்.

1876-க்கு முன்பே ரவி வர்மாவுக்குப் பெயர் வந்துவிட்டது. கூந்தலில் பூ வைத்துக்கொள்ளும் நாயர்ப் பெண் ஓவியத்துக்கு 1873-ல் சென்னையில் கவர்னரின் தங்கப் பதக்கம், அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் பரிசு. அடுத்த ஆண்டு ஸ்வரபத் என்ற நரம்புக் கருவியை வாசிக்கும் தமிழ்ப் பெண், அதற்கும் தங்கம். அந்தப் படம் 1875-ல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அன்பளிப்பாகப் போனது. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் போயின, இரண்டு விருதுகள். விவேகானந்தர் பேசிய சர்வ சமய மாநாடு நடந்தது இதே உலகக் கண்காட்சியை ஒட்டித்தான் என்பதால் நமக்கு அந்த ஆண்டு மறக்காது. பதக்கக் கதையை இதற்குமேல் நீட்ட எனக்கு விருப்பமில்லை. சிகாகோ ஆண்டைச் சேர்ந்த படம் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்: 'அதோ அப்பா வருகிறார்'. ரவி வர்மாவின் மகள் மகாபிரபா இடுப்பில் குழந்தையோடு நின்று பக்கவாட்டில் கை காட்டுகிறாள், காலடியில் நாய். மருமக்கள் தாய முறையில் பிள்ளைகள் தாய் வீட்டுக்குச் சொந்தம். வீட்டை ஆள்பவர் தாய்மாமன். அப்பா வந்து போகிறவர். அந்த வீட்டு முற்றத்தில் அப்பாவின் வருகையை ஒரு காட்சியாக்கி, அப்பாவைப் படத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார் ஓவியர். ஊர் ஊராக அலைந்த அவரே அந்த அப்பாவாகவும் இருந்திருக்கலாம்.

இந்தத் தாய்வழி முறையால் இன்னொரு திருப்பமும் நடந்தது. 1900-ல் திருவிதாங்கூர் அரச குடும்பம் ரவி வர்மாவின் இரண்டு பேத்திகளைத் தத்தெடுத்தது. மகாபிரபாவின் மகள் சேது லட்சுமி பாய் பிறகு அரசப் பிரதிநிதியாக ஆண்டார். இன்னொரு பேத்தி சேது பார்வதி பாயின் மகன்தான் சித்திரைத் திருநாள். 1935-ல் கலைக்கூடத்தைத் திறந்துவைத்த மகாராஜா ரவி வர்மாவின் கொள்ளுப்பேரன். மியூசியத்துப் பலகைகளில் இது பெரிய எழுத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

மோகினி ஊஞ்சலாடும் படத்துக்கு முன்னால் வந்தால், சேலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கேரள வெள்ளையில், கூந்தல் பறக்க, கொடிபோலத் துணி பின்னால் போக ஆடுகிறாள். மற்றப் புராணப் பெண்கள் பலர் மராட்டியச் சேலைக்கட்டோடு இருக்கிறார்கள். சீதைக்கும் தமயந்திக்கும் என்ன உடுத்துவது என்பது 1888-ல் கெய்க்வாட் ஊட்டியில் 14 படங்களுக்குச் சொல்லிவிட்டபோது ரவி வர்மாவுக்கு உண்மையான சிக்கல். தம்பி ராஜ ராஜ வர்மாவைக் கூட்டிக்கொண்டு வடக்கே பல ஊர் சுற்றினார். நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு பழங்கால உடை எங்கும் அகப்படவில்லை. கடைசியில் சேலைக்கே வந்து சேர்ந்தார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் 'இசைக் கலைஞர் குழு' (1889) ஓவியத்தில் பதினொரு பெண்கள் பதினொரு விதமாக உடுத்தி ஒன்றாக உட்கார்ந்திருப்பது அந்தத் தேடலின் பதிவு. பதினொன்றில் ஒன்றிரண்டை எடுத்துக் கடவுளருக்குக் கட்டிவிட்டார். இன்று தென்னாட்டில் அம்மனுக்கு அலங்காரம் செய்யும் எந்தக் குருக்களும் கொசுவம் வைத்து முந்தானை விடும்போது, நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முந்திய ஒரு தீர்மானத்தின் நிழல் அங்கே விழுகிறது.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். பெண்களை வரைந்தபோது இந்தக் கலப்பு கூடிவந்தது. ஆண்களை, அதிலும் வீராவேசமான ஆண்களை வரைந்தபோது தையல் பிரிந்தது. மைசூரில் இருக்கும் 'ஜடாயு வத'த்தில் சிறகு வெட்டும் ராவணன் நாடகக் கம்பெனி ராஜபார்ட்டாக இருக்கிறான். கோபம் அவனுக்கு மீசையில் மட்டும் ஏறியிருக்கிறது. ரவி வர்மா இறந்த கொஞ்ச நாளிலேயே, 1907-ல், கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசாமி அவருடைய தெய்வங்களில் நாடகத்தனமே மிஞ்சுகிறது என்று கடுமையாக எழுதினார். யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தந்தையின் பிள்ளையான குமாரசாமிக்குச் சோழர் வெண்கலத்தைப் பார்த்த கண். அந்தக் கண்ணுக்கு இந்த ராவணன் பிடிக்காமல் போனது நியாயம். தமயந்தியின் சேலைக் கரை முன்னால் அவர் எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்பதுதான் என் சந்தேகம். 1893-ல் ரவி வர்மா வரைந்த நாடோடிக் குடும்பப் படத்தையும் திருவனந்தபுரம் மியூசியத்தில் பார்க்கலாம். சாலையோரம் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் ஏழைப் பெண். நகை கிடையாது, புராணம் கிடையாது. மேடையும் இல்லை.

மாலையில் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். மளிகை, பாத்திரம், பூக்கடை தாண்டி ஒரு பிரேம் கடை. வாசலில் சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட படங்கள்: குருவாயூரப்பன், ஆற்றுக்கால் அம்மன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா. நடுவில் பாறைமேல் உட்கார்ந்து வீணை வாசிக்கும் சரஸ்வதி, பக்கத்தில் மயில். ரவி வர்மா 1896-ல் வரைந்ததன் பேரப்பிள்ளை. கம்ப்யூட்டரில் யாரோ சேலைக் கரையில் பளபளப்பைக் கூட்டியிருக்கிறார்கள். தஞ்சாவூர்த் தங்கம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

"அண்ணாச்சி, இந்தப் படம் யாரு வரைஞ்சது?"

கடைக்காரர் நாகர்கோவில் பக்கம். சட்டத்துக்கு ஆணி அடித்தபடியே சொன்னார்: "அதெல்லாம் யாரு கேக்கா? சரஸ்வதின்னா இப்படித்தான இருப்பா."

எந்தப் பதக்கமும் இதற்கு ஈடில்லை. மாதவ ராவின் யோசனைக்குப் பத்து ஆண்டு கழித்து, 1894-ல் பம்பாயில் ரவி வர்மா சகோதரர்கள் அச்சகம் திறந்தார்கள். இயந்திரமும் தொழில்நுட்பக்காரர்களும் ஜெர்மனியிலிருந்து. ஒரு நிறத்துக்கு ஒரு லித்தோ கல். அத்தனை கல்லும் நூலிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் கன்னத்தில் சதை நிறம் வரும். பிசகினால் தேவிக்கு இரண்டு உதடு. முதலில் வந்தது சகுந்தலை ஜனனம். படம் நன்றாக விற்றது. கணக்கு நன்றாக வரவில்லை. பம்பாயில் பிளேக் பரவியது, அச்சகத்தை லோனாவாலா பக்கம் மளவ்லிக்கு மாற்றினார்கள், கடன் ஏறியது, கடைசியில் அச்சகத்தை ஜெர்மன் தொழில்நுட்பக்காரர் பிரிட்ஸ் ஷ்லைஷரிடம் விற்றுவிட்டார்கள். அவர் கையில் அது பல்லாண்டு ஓடியது. வழி காட்டப்பட்டுவிட்டது. சென்னைக் கலைப்பள்ளியில் படித்த கொண்டையா ராஜு கோவில்பட்டியில் உட்கார்ந்து சாமி படங்களை வரைய, சிவகாசி அச்சடித்து நாடெங்கும் அனுப்பியது அடுத்த தலைமுறைக் கதை.

கோயிலுக்குள் போக முடியாதவர்கள் வீட்டுக்கும் அந்தப் படங்கள் போயின. திருவிதாங்கூரில் பெரும் மக்கள் தொகைக்குக் கோயில் வாசல் மூடியிருந்த காலம் அது. சில அணாவுக்கு லட்சுமி குடிசைக்கு வந்தாள்; தீட்டுக் கணக்கு அச்சுத் தாளிடம் செல்லவில்லை. ரவி வர்மா இதைச் சீர்திருத்தமாக நினைத்துச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். அவர் தொழில் செய்தார், பெயரும் வேண்டினார். 1936 நவம்பர் 12-ல் கோயில் நுழைவுப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட மகாராஜா, கலைக்கூடத்தைத் திறந்துவைத்த அதே கொள்ளுப்பேரன்.

மறுநாள் கிளிமானூர். தம்பானூரிலிருந்து கொட்டாரக்கரை போகும் பேருந்தில் ஏறி, கேசவதாசபுரத்தில் எம்.சி. ரோடு பிடித்து, வட்டப்பாறை, வெம்பாயம், வெஞ்ஞாறமூடு என்று ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கினால் சுமார் 40 கிலோமீட்டர். அரண்மனை என்றதும் மைசூரை நினைத்துக்கொண்டு போகக் கூடாது. ஓடு வேய்ந்த கட்டடங்கள், முற்றங்கள், மரங்கள், ஈரம். நவீனத் திருவிதாங்கூரை உருவாக்கிய மார்த்தாண்ட வர்மாவின் தந்தை இந்தக் குடும்பத்தவர். திருவிதாங்கூர்த் திவானாக இருந்த வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருடனான கடைசிப் போருக்குப் போகும் வழியில் தன் வாளை இங்கே ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்த வாள் டெல்லி வரை போய், இப்போது நேப்பியர் மியூசியத்துக்குத் திரும்பியிருக்கிறது.

1848 ஏப்ரல் 29-ல் இங்கே பிறந்த பையன் கரித்துண்டால் வெள்ளைச் சுவர்களைப் பாழாக்கினான் என்பது குடும்பக் கதை. வைவதற்குப் பதிலாக மாமா கற்றுக்கொடுத்தார். அம்மா உமையம்பா தம்புராட்டி 'பார்வதி சுயம்வரம்' என்ற துள்ளல் பாட்டு எழுதியவர்; அவர் மறைந்தபின் மகன் அதை அச்சிட்டார். அப்பா சமஸ்கிருதம் படித்தவர். பாட்டும் சுலோகமும் கதகளியும் நடமாடும் வீடு. ரவி வர்மாவின் சித்திரசாலை இன்னும் நிற்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதைப் பார்த்துவிட்டு, அவருடைய படங்களில் கன்னத்து நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்தால் கூடவே தெரிவது, ரவி வர்மா என்ற பெயருக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. தம்பி சி. ராஜ ராஜ வர்மா இயற்கைக் காட்சியில் கெட்டிக்காரர். அண்ணன் உருவங்களை வரைய, பின்னணியின் மரமும் மலையும் நீரும் பலமுறை தம்பி கை. பயணச்சீட்டு, அரசர்களோடு கடிதப் போக்குவரத்து, அச்சகக் கணக்கு எல்லாம் அவரே பார்த்தார். ஆங்கிலத்தில் நாட்குறிப்பும் எழுதினார். மாடலாக உட்கார வந்த பெண், நல்ல வெளிச்சம் கிடைத்த நாள், பார்த்த நாடகம், பணம் தராமல் இழுத்தடித்த வாடிக்கையாளர் என்று ஓவியம் ஒரு தொழிலாக நடந்த விதம் அதில் இருக்கிறது. 1905 தொடக்கத்தில் தம்பி இறந்தார். மைசூர் அரண்மனைக்காக ஒப்புக்கொண்ட ஒன்பது படங்கள் பாதியில் இருந்தன. சர்க்கரை நோய் முற்றிய உடம்போடு அண்ணன் அவற்றை முடித்துக்கொடுத்துவிட்டு, 1906 அக்டோபர் 2-ல் போய்ச் சேர்ந்தார்.

தங்கை மங்களா பாய் தம்புராட்டியும் ஓவியர். அண்ணனின் உருவப்படத்தை வரைந்திருக்கிறார். பிச்சையிடும் காட்சியை வரைந்த படம் ஒன்று திருவனந்தபுரம் சித்ரா சேகரிப்பில் இருக்கிறது. அண்ணனுக்கு மாமா கற்றுத்தந்தார், மகாராஜா இடம் தந்தார், திவான் பரோடாவுக்கு அழைத்தார், ரயில் நாடு முழுவதும் கொண்டுபோனது. தங்கைக்குக் கிளிமானூர். வெளியூர்ப் பெண்களின் முகம் தேடி அண்ணன் அலைந்த அதே காலத்தில், வாசலுக்கு வந்து கை நீட்டும் ஏழைகளை அவர் வரைந்தார். அளவில் சிறிய புகழ், ஆனால் அந்தக் கோடு தயங்கவில்லை. ரவி வர்மாவுக்கு முன்னால் கூட்டமாக நிற்பவர்கள் இந்தப் படத்தையும் தேடிப் பார்க்க வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முடிந்தால் கிளிமானூரை முதலில் பார்த்துவிட்டு மியூசியத்துக்கு வாருங்கள். வெளிச்சத்தையும் வீட்டையும் பார்த்த கண்ணோடு சேலைக் கரையைப் பார்ப்பது வேறு. மியூசியம் திங்கட்கிழமை கிடையாது, புதன்கிழமை மதியத்துக்குமேல்தான் திறப்பார்கள். மூடும் நேரம் ஐந்துக்கு முன்பே வந்துவிடும் என்பதால், மிருகக்காட்சி சாலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளப் பிள்ளைகளிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.